காணாப் பத்தியின் வரலாறு

தேசியத் தகுதித் தேர்வுக்கு (நெட்) ஆயத்தமாகும் எவருக்கும் அதன் முதல் தாளின் அமைப்பு மனப்பாடமாக இருக்கும். ஐம்பது வினாக்கள், நூறு மதிப்பெண்கள். அவற்றுள் ஐந்து வினாக்கள் ஓர் உரைப்பகுதியைப் படித்து விடையளிக்க வேண்டியவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. விடையோ திரையில் தெரியும் பத்திக்குள்ளேயே இருக்கிறது. எனவே இதனை உறுதியான பத்து மதிப்பெண் என்று பயிற்றுநர்கள் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் தமிழ்வழியில் பயின்று முதுகலை முடித்த மாணவர்களோடு பேசினால் வேறொரு செய்தி கிடைக்கும். தம் பாடத்தில் தேர்ந்தவர்கள்கூட இந்த ஐந்து வினாக்களில் நேரத்தை இழப்பதாகவும், இரண்டு விடைகளுக்கிடையே ஊசலாடுவதாகவும் சொல்கிறார்கள். “பத்தி புரிகிறது, ஆனால் விடை தவறாகிறது” என்பது அவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை.

இந்தக் குறையை மாணவரின் ஆங்கிலக் குறைபாடாக மட்டும் கொண்டு, இன்னும் நூறு பத்திகளைப் பயிற்சி செய்யச் சொல்வது வழக்கம். அந்த அறிவுரைக்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். மாணவர் முன்பின் கண்டிராத ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து அவருடைய வாசிப்பை அளக்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்கு எப்படி வந்தது? எந்த நோய்க்கு மருந்தாக வந்தது? அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால், இன்றைய பயிற்சியில் எது விடுபட்டிருக்கிறது என்பதும் தெளிவாகும். ஆய்வு மாணவர்கள், ஆசிரிய நண்பர்கள் ஆகியோரின் கலந்துரையாடலுக்காக இதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கற்பிக்காத பல்கலைக்கழகங்கள்

1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கை காட்டிய வழியில், 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் வகுப்பு நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகங்களும் அவ்வாறே தொடங்கின. கற்பித்தல் இணைவுக் கல்லூரிகளின் பொறுப்பாகவும், அளத்தல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகவும் பிரிந்தன. இன்று நாம் காணும் சிக்கலின் வேர் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அளப்பவர் ஒருவர், கற்பிப்பவர் வேறொருவர் என்றாகும்போது, அளக்கப்படும் திறன் எந்த வகுப்பிலும் கற்பிக்கப்படாமலே போவதற்கு வழி பிறக்கிறது.

1857 மார்ச்சில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் நுழைவுத் தேர்வில் 244 பேர் பங்கேற்றனர். அடுத்த ஆண்டில் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயரும் ஜதுநாத் போசும் அதன் முதல் இளங்கலைப் பட்டதாரிகளாயினர். அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவருக்கு முன்னுரிமை என்று 1844ஆம் ஆண்டிலேயே ஹார்டிஞ்ச் ஆட்சி அறிவித்திருந்தது. ஆகவே நுழைவுத் தேர்வு கல்லூரிக்குள் செல்வோருக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. அலுவலக எழுத்தர் பணிக்கும் அது தகுதிச் சான்றாயிற்று. கல்கத்தாவில் தொடக்க ஆண்டுகளில் வரலாறு, கணிதம் முதலிய பாடங்களுக்கு நாட்டு மொழிகளில் விடையெழுத இடமிருந்தது. 1860களின் தொடக்கத்தில் அந்த வாயிலும் அடைக்கப்பட்டு, மொழிப்பாடங்கள் தவிர்த்த பிறவற்றுக்கு ஆங்கிலமே விடைமொழியாயிற்று. அதன்பின் ஆங்கிலத்தில் தவறியவர் ஏனையவற்றிலும் தவறும் நிலை தோன்றியது.

அக்காலத்து ஆங்கிலத் தேர்வில் காணாப் பத்தி மையமாக இருக்கவில்லை. உரைநடையும் செய்யுளுமாகச் சில நூல்கள் பாடமாக வைக்கப்படும். அவற்றிலிருந்து வரிகளைக் கொடுத்துப் பொருள் விளக்கச் சொல்வார்கள். செய்யுளை உரைநடையாக்கச் சொல்வார்கள். வாக்கியத்தைப் பகுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். நம் மரபில் பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று சொல்லப்படுபவற்றோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஒரு வேறுபாடும் உண்டு. நம் உரை மரபில் மாணவர் ஆசிரியரிடம் பாடம் கேட்டு, நூலை முழுமையாகத் தமதாக்கிக்கொள்வார். இங்கே நூல் ஓராண்டுக்குரிய தேர்வுப் பொருள். அதன் எல்லைக்குள் எந்த வரி கேட்கப்படும் என்பதை ஊகிக்க முடியும். அந்த ஊகத்தைச் சுற்றி ஒரு சந்தை உருவாயிற்று. ‘கீ’ எனப்பட்ட விடைத்துணை நூல்கள் கல்கத்தாவில் பெருகின. மூல நூலைத் திறக்காமலே, விளக்கத்தை மட்டும் நெட்டுருச் செய்து தேற முடிந்தது.

நெட்டுருவுக்கு மருந்து

இந்த நிலையை மாற்றுவதாகச் சொல்லி வந்தவர் கர்சன். 1901இல் சிம்லாவில் கல்வி மாநாட்டைக் கூட்டினார். 1902இல் தாமஸ் ராலே தலைமையில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஆணையம் அமைந்தது. 1904இல் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் நிறைவேறியது. பல்கலைக்கழகங்களின் மீது அரசின் பிடியை இறுக்கும் முயற்சி என்று தேசியத் தலைவர்கள் அச்சட்டத்தை எதிர்த்தனர். அந்த ஐயத்துக்குக் காரணமும் இருந்தது. இருப்பினும் விடைத்துணை நூல்கள் பற்றியும் நெட்டுரு பற்றியும் ஆணையம் செய்த கண்டனம் வெறும் அரசியல் சாக்கன்று. இந்தியக் கல்வியாளர் பலரும் அதே குறையை உணர்ந்திருந்தனர்.

காணாப் பத்திக்கு வலிமையான நியாயம் பிறந்தது இந்தச் சூழலில்தான். பாடநூலை வைத்துத் தேர்வு நடத்தினால் நினைவாற்றல் மட்டுமே வெளிப்படுகிறது. மாணவர் கண்டிராத பகுதியைக் கொடுத்தால் நெட்டுருவுக்கு வேலையில்லை. அப்போது உண்மையான வாசிப்பு வெளிப்படும். இருபதாம் நூற்றாண்டின் போக்கில் இந்த நியாயம் பள்ளி, கல்லூரித் தேர்வுகளில் வேரூன்றியது. நோய் எது, மருந்து எது என்பதில் குழப்பமில்லை. மருந்தின் அளவில்தான் பிழை நேர்ந்தது. பழைய முறையில் மாணவர் கையில் ஒரு நூலேனும் இருந்தது. ஆசிரியர் அதனை வகுப்பில் வாசித்தார். காணாப் பத்திக்கு நூல் இல்லை. நூல் இல்லாதபோது அதற்குரிய வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற வினா எழுந்திருக்க வேண்டும். தேர்வு நடத்துவதற்கு அந்த வினாவின் விடை தேவைப்படவில்லை.

1917 முதல் 1919 வரை பணியாற்றிய கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம் இதன் இன்னொரு பக்கத்தைத் தொட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மைக்கேல் சாட்லர் அதன் தலைவர். அசுதோஷ் முகர்ஜியும் சியாவுதீன் அகமதும் அதில் உறுப்பினர்கள். அதன் அறிக்கை 13 தொகுதிகளாக வெளிவந்தது. பல்கலைக்கழக வகுப்பில் சேரும் மாணவர் அதற்குரிய ஆயத்தம் இன்றியே வருகிறார் என்பதே அதன் முதன்மையான கவலைகளுள் ஒன்று. எனவே இடைநிலைப் படிப்பைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனிக் கல்லூரிகளில் வைக்க வேண்டும் என்றது. பள்ளியில் ஆங்கிலமும் கணிதமும் தவிர்த்த பாடங்களுக்குத் தாய்மொழியே பயிற்றுமொழியாகட்டும் என்றது. மதிப்பெண்ணுக்குப் பின்னால் கற்பிக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பதை இவ்வளவு விரிவாக எடுத்துரைத்த முதல் அறிக்கை இதுவெனலாம்.

டாக்காவில் ஓர் ஆய்வு

இந்த வரலாற்றில் மிகவும் மறக்கப்பட்ட பகுதி டாக்காவில் நிகழ்ந்தது. இந்தியக் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் (1888–1973) டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளத்தை முன்வைத்து இருமொழியம் குறித்து அவர் எழுதிய ஆய்வு 1926இல் கல்கத்தாவில் வெளியாயிற்று. ஆங்கிலம் கற்கும் வங்காளச் சிறுவனுக்கு அந்த மொழியால் என்ன தேவை என்று அவர் நேரடியாகக் கேட்டார். அவனுக்குப் பேச்சைக் காட்டிலும் வாசிப்பே முதன்மைத் தேவை. வாசிப்பே எளிதில் கைகூடும் திறன். எனவே வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருடைய விடை.

இதற்கு அவர் கையாண்ட ஓர் உவமை சிந்திக்கத்தக்கது. ஆயுள் காப்பீட்டைப் பாதியில் ஒப்படைத்தால் ஒரு தொகை கைக்கு வரும் அல்லவா? அதுபோல, மொழிக் கல்வியைப் பாதியில் விட்டுச் செல்பவர் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட வேண்டும் என்றார் வெஸ்ட். பள்ளியில் சேர்வோர் பலர். பல்கலைக்கழகத்தை எட்டுவோர் சிலர். பாடத்திட்டமோ அந்தச் சிலருக்காகவே வகுக்கப்படுகிறது. நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் பயின்று நின்றுவிட்ட ஒருவர், எளிய ஆங்கில நூலொன்றைத் தாமாகப் படிக்க முடியாவிட்டால் அந்த நான்கு ஆண்டுகளும் வீண். வாசிப்பை முதலில் கொடுத்தால் எந்தப் படியில் நின்றாலும் அவரிடம் ஏதேனும் மிஞ்சும்.

வெஸ்ட் காலனிய அரசின் அலுவலர். அறிவுத்துறை நூல்களுக்கு வங்காளம் ஆங்கிலத்தையே சார்ந்திருக்க வேண்டும் என்ற கருதுகோளிலிருந்து அவர் தொடங்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கருதுகோளை இன்று நாம் கேள்விக்குட்படுத்தலாம். ஆனால் அவர் செய்த நடைமுறைப் பணி வேறு தளத்தைச் சேர்ந்தது. அன்றைய வாசகப் புத்தகங்களில் புதுச்சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதையும், அரிய இலக்கியச் சொற்கள் காரணமின்றி நுழைவதையும் அவர் கண்டார். தம் புதிய வாசகங்களில் அரிய சொல்லுக்கு மாறாகப் பழகிய சொல்லை வைத்தார். ஏறத்தாழ ஐம்பது சொற்களுக்கு ஒன்று என்ற அளவில் புதுச்சொற்களைப் பரப்பினார். கற்பவர் தடுமாறாமல் தொடர்ந்து படிக்க வேண்டும். அந்தப் படிப்பிலேயே புதுச்சொல்லும் பதிய வேண்டும் என்பதே நோக்கம். 1953இல் அவர் பெயரில் வெளிவந்த, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியல் உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போருக்குக் கருவியாயிற்று. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் டாக்காப் பள்ளி அனுபவமும் இருக்கிறது என்பதை நம் மொழிக்கல்வி வகுப்புகளில் அரிதாகவே சொல்கிறோம்.

கேன்சஸிலிருந்து வந்த நான்கு விடைகள்

வாசிப்பைக் கற்பிக்கும் முறை டாக்காவில் உருவாவதற்குச் சற்று முன்பே, வாசிப்பை அளக்கும் முறை அமெரிக்காவில் உருவாகிவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் கேன்சஸ் மாநிலத்தில் பிரெடெரிக் கெல்லி என்ற கல்வியாளர் மௌன வாசிப்புத் தேர்வு ஒன்றை வடிவமைத்தார். கால எல்லை உண்டு. ஒவ்வொரு வினாவுக்கும் திட்டவட்டமான ஒரே விடை. மாணவர் விடையைக் குறித்தால் போதும். திருத்துபவரின் விருப்பு வெறுப்புக்கு இடமிராது. ஆயிரம் தாள்களையும் விரைவில் திருத்திவிடலாம். இன்றைய கொள்குறி வினாக்களின் முன்னோடியாக அது கருதப்படுகிறது.

அதே காலத்தில், 1917இல், உளவியலறிஞர் எட்வர்டு தார்ண்டைக் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். சிறு பத்திகளைக் கொடுத்து, பள்ளி மாணவர் அளித்த தவறான விடைகளை அவர் பகுத்தாய்ந்தார். பத்தியொன்றைப் படிப்பது கணக்கொன்றைத் தீர்ப்பதற்கு ஒப்பானது என்பது அவர் கண்ட முடிவு. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எடையைக் கொடுத்து, சொற்களை முறையாக உறவுபடுத்தி, கேட்கப்பட்டதற்கு ஏற்றதைத் தேர்ந்து, ஏலாததைத் தள்ள வேண்டும். ஒரு சொல் அளவுக்கு மீறி மனத்தைப் பற்றிக்கொண்டால் மற்றவை ஒளி இழக்கும்; விடை பிழையாகும். சொற்பொருள் அத்தனையும் தெரிந்தவரும் பத்தியைத் தவறாகப் புரிந்துகொள்வது இப்படித்தான். “பத்தி புரிகிறது, விடை தவறாகிறது” என்ற நம் மாணவரின் குறைக்கு நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்த விளக்கம் இது.

பிற்காலத்து நிறுவனங்கள் கெல்லியின் வடிவத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டன. தார்ண்டைக்கின் முறை, அதாவது தவறான விடையை எடுத்து வைத்து அது எப்படிப் பிறந்தது என்று மாணவரோடு ஆராய்வது, அந்த அளவுக்குப் பரவவில்லை. முன்னதற்கு அச்சகமும் விடைக்குறிப்பும் போதும்; பின்னதற்கு ஆசிரியர் வேண்டும்.

நூலக மொழி என்னும் கனவு

விடுதலைக்குப் பின் வந்த கல்விக் குழுக்கள் இந்த வினாவுக்கே திரும்பத் திரும்ப வந்தன. 1955இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த குன்ஸ்ரு குழு, பயிற்றுமொழி மாற்றத்தை விரைவுபடுத்த வேண்டாம் என்றதோடு, புகுமுக நிலையில் விரிவுரைகளைப் பின்தொடரும் அளவுக்கு ஆங்கில அறிவை அளிக்கத் தனி முறைகள் வேண்டும் என்றது. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றைய ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அதுவே.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் ஆங்கிலத்தை ‘நூலக மொழி’ என்று வகைப்படுத்தியது. உயர்கல்வி இந்திய மொழிகளில் நடைபெறட்டும். ஆனால் உலக அறிவு நூல்களைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் ஒவ்வொரு மாணவருக்கும் கைவர வேண்டும் என்பது இதன் பொருள். ஆங்கில இலக்கியம் கற்பிப்பதும் ஆங்கிலத்தை ஒரு திறனாகக் கற்பிப்பதும் வேறு வேறு. பின்னதற்குக் கல்லூரிகளில் தனிப் பிரிவுகள் வேண்டும் என்றும் ஆணையம் பரிந்துரைத்தது. வெஸ்டின் கருத்து இங்கே புதிய உருவில் மீண்டும் எழுவதைக் காணலாம். இம்முறை தாய்மொழி பயிற்றுமொழியாக முன்னால் நிற்கிறது. ஆங்கில வாசிப்பு அதற்குத் துணையாகப் பின்னால் வருகிறது. மொழிக் கொள்கை குறித்த நம் விவாதங்களில் பெரிதும் கவனிக்கப்படாத நடுவழி இது.

நடைமுறையில் நேர்ந்தது வேறு. பெரும்பாலான கல்லூரிகளில் பகுதி இரண்டு ஆங்கிலம் என்பது கவிதை, உரைநடை, சிறுகதை, இலக்கணம் என்ற கலவையாகவே நீடித்தது. ஓர் அறிவியல் கட்டுரையையோ பொருளியல் நூலின் ஓர் இயலையோ எப்படிப் படிப்பது என்று கற்பிக்கும் வகுப்பு அரிது. விதிவிலக்கான முயற்சிகள் உண்டு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய கற்பித்தல் திட்டத்தில் மாணவர்கள் தொடர்வண்டிக் கால அட்டவணையையும் வரைபடத்தையும் ஆங்கிலத்தில் படித்துச் சிறு சிக்கல்களுக்குத் தீர்வு கண்டார்கள். பொருள் உணர்வதில் மனம் ஈடுபடும்போது மொழி வடிவம் தானே படியும் என்பது அத்திட்டத்தின் கருதுகோள். உலகெங்கும் செயல்வழி மொழிக் கற்பித்தலுக்கு அது முன்னோடியாகப் பேசப்படுகிறது. கடலூரின் பெயர் மொழிக் கற்பித்தல் வரலாற்றில் இடம்பெறுவது இப்படித்தான்.

யாருக்கு எந்த மொழியில் பத்தி?

1989இல் தேசியத் தகுதித் தேர்வு தொடங்கியது. 2012இல் மூன்றாம் தாளும் கொள்குறி வடிவம் பெற்றதும் விடையை எழுதிக் காட்டும் பகுதி அத்தேர்விலிருந்து நீங்கியது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் தேசியத் தேர்வு முகமை பொறுப்பேற்றபின் தேர்வு கணினிக்கு மாறியது. 2024 முதல் அதன் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று மானியக் குழு அறிவித்தது. ஆக, உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு நல்கைக்கும் வாயிலாக இருந்த தேர்வு, ஆய்வுக்குள் நுழையும் வாயிலாகவும் விரிந்துள்ளது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெட் முதல் தாளின் பத்தி ஆங்கிலத் தேர்வாக அறிவிக்கப்பட்டதன்று. அது பொதுவான கருத்தறிதல் திறனைச் சோதிப்பது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கிறது. இந்தியில் பயின்றவர் தம் மொழியில் அப்பத்தியைப் படிக்கலாம். தமிழ், வங்காளம், ஒடியா, மலையாளம் வழிப் பயின்றவருக்கு அது ஆங்கில வாசிப்புத் தேர்வாகவே ஆகிறது. ஒரே மதிப்பெண், ஒரே நேரம், ஆனால் அளக்கப்படும் பொருள் வேறு. தேர்வியலில் இதனை ஏற்புடைமைச் சிக்கல் என்போம்.

இந்தி மாணவர்களுக்கு எல்லாம் எளிதாயிற்று என்றும் கொள்ள வேண்டாம். குடிமைப் பணி முதனிலைத் தேர்வில் 2011இல் சேர்க்கப்பட்ட திறனறித் தாளின் ஆங்கிலப் பத்திகளை எதிர்த்தும், பிற பத்திகளின் இந்தி மொழிபெயர்ப்புத் தரத்தை எதிர்த்தும் 2014இல் தில்லியில் மாணவர் போராட்டம் வெடித்தது. ஆங்கிலக் கருத்தறிதல் வினாக்களின் மதிப்பெண்கள் தரவரிசைக்குக் கணக்கிடப்படமாட்டா என்று அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு அறிவித்தது. 2015 முதல் அந்தத் தாளே தகுதித் தாளாக மட்டும் ஆக்கப்பட்டது. மறுபுறம், 2022இல் தொடங்கிய இளநிலைப் பட்ட வகுப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் மொழித்தாள்களை வைத்திருக்கிறது. அத்தாள்களில் உண்மைசார், இலக்கிய, கதைசார் பத்திகளே முதன்மை இடம் பெறுகின்றன. பன்மொழியில் பத்தி அமைப்பது இயலாத செயலன்று என்பதற்கு இதுவே சான்று.

தடுமாற்றம் எங்கே நிகழ்கிறது?

மொழியியல் நோக்கில் ஓர் எடுத்துக்காட்டு. “மாணவர்கள் எல்லாரும் தேர்வு எழுதவில்லை” என்ற தமிழ்த் தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர்கூட எழுதவில்லை என்பது ஒன்று. சிலர் எழுதினர், அனைவரும் எழுதவில்லை என்பது மற்றொன்று. பேச்சில் குரலழுத்தமும் சூழலும் நமக்கு வழிகாட்டுகின்றன. ஆங்கில எழுத்துரைநடை பெரும்பாலும் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால் பிரித்துக் காட்டும். தமிழில் மனத்துள் பெயர்த்துக்கொண்டே படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். தேர்வில் இரண்டு விடைகள் இந்த ஒரு நூலிழையில் வேறுபட்டு நிற்கும்; அங்கேதான் ஊசலாட்டம்.

இன்னொன்று. தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் வரும். வினை இறுதியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். ஆங்கிலத்தில் அடைத்தொடர் பெயருக்குப் பின்னால் நீளும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே மூன்று வரிகள் நுழைந்துவிடும். படிப்பவர் இடையில் வரும் பெயரை எழுவாயாகக் கொண்டுவிட்டால் வாக்கியத்தின் பொருள் தலைகீழாகும். மூன்றாவது, தரப்பு. கட்டுரையாளர் பிறர் கருத்தை எடுத்துக் கூறிப் பின்னர் மறுப்பார். நம் இலக்கண உரையாசிரியர்கள் பிறர் கொள்கையைக் கூறி மறுக்கும்போது அதனை ‘என்பார்’, ‘எனின்’ போன்ற சொற்களால் குறித்துவிடுவார்கள். ஆங்கிலக் கட்டுரையில் அந்தக் குறிப்பு ஒரு துணைவினையிலோ ஓர் இடைச்சொல்லிலோ மறைந்திருக்கும். அதனைத் தவறவிட்டவர், ஆசிரியர் மறுத்த கருத்தையே ஆசிரியரின் கருத்தாகக் குறித்துவிடுவார்.

இவை மூன்றும் சொல்வளக் குறைவால் வருபவை அல்ல. மாதிரி வினாத்தாள்களை நேரம் வைத்து அடுக்கடுக்காகத் தீர்ப்பதால் நீங்குபவையும் அல்ல. எனவே பயிற்சிக்கு நான் சொல்லக்கூடியவை வரலாற்றிலிருந்தே வருகின்றன.

முதலாவது வெஸ்டிடமிருந்து. ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தாறுக்கு மேற்போகாத நூலைத் தேர்ந்து, நாள்தோறும் நான்கைந்து பக்கம் நிறுத்தாமல் படிக்க வேண்டும். அது உங்கள் துறைநூலாகவே இருப்பது சிறப்பு. வரலாறு படித்தவர் வரலாற்று நூலையும், வணிகவியல் படித்தவர் வணிகவியல் நூலையும் எடுக்கட்டும். இரண்டாவது தார்ண்டைக்கிடமிருந்து. பத்துப் பத்திகளைத் தீர்த்து மதிப்பெண் கூட்டுவதைக் காட்டிலும், இரண்டு பத்திகளைத் தீர்த்து, தவறிய ஒவ்வொரு விடைக்கும் எந்தச் சொல் நம்மை இழுத்தது என்று எழுதிப் பார்ப்பது பயன்தரும். ஒரு மாதத்தில் உங்கள் பிழைகளின் வகை உங்களுக்கே தெரிந்துவிடும். மூன்றாவது நம் மரபிலிருந்து. பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ‘யார் கூற்று’ என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அகப்பாடலைப் படிக்கும்போது தலைவி கூற்றா, தோழி கூற்றா என்று முதலில் பார்க்கிறோமே, அதே பழக்கம்தான். ஆங்கிலக் கட்டுரைக்கும் அது அப்படியே உதவும்.

கால எல்லையோடு கூடிய மாதிரித் தேர்வுகள் இவற்றுக்குப் பின் வரட்டும். தேர்வுக்கு முந்தைய சில வாரங்கள் அதற்குப் போதும்.

இவ்வளவும் தனி மாணவர் செய்துகொள்ளக்கூடியவை. துறைகள் செய்ய வேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. முதுகலை முதற்பருவத்தில், பாடம் எதுவாயினும், துறைசார் ஆங்கிலக் கட்டுரைகளை வரிவரியாகக் கூடிப் படிக்கும் வகுப்பு வாரத்துக்கு ஒரு மணிநேரம் நடைபெற வேண்டும். அதற்கு விளக்கம் தமிழில் இருக்கலாம், இருப்பது நல்லது. 1966இல் பரிந்துரைக்கப்பட்ட தனிப் பிரிவுகளுக்குக் காத்திருக்காமல் ஒரு துறைத்தலைவரின் விருப்பத்தால் மட்டுமே இதனைத் தொடங்க முடியும். ஆண்டுதோறும் ஏராளமானோர் இத்தேர்வை எழுதுகிறார்கள். நல்கை பெறுவோர் சிறு பகுதியினர். தேர்ச்சி பெறாத பெரும்பகுதியினர் கையில் இந்த ஓராண்டுப் பயிற்சியால் என்ன மிஞ்சுகிறது என்பதே வெஸ்ட் எழுப்பிய வினா. வினாவங்கியை மட்டும் தீர்த்தவர் கையில் விடைக்குறிப்புகள் மிஞ்சும். நூல்களைப் படித்துப் பழகியவர், தேர்வில் தவறினாலும், தம் துறையின் ஆங்கில நூலொன்றை இனித் தாமாகத் திறந்து படிப்பார்.

உங்கள் துறைகளில் இத்தகைய கூட்டு வாசிப்பு வகுப்புகள் நடைபெறுகின்றனவா? எந்த நூல்களை எடுத்துக்கொண்டீர்கள், எந்த மொழியில் விளக்கினீர்கள், எங்கே சிக்கல் எழுந்தது என்பதை ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பகிர்ந்தால், அடுத்த பருவத்தில் தொடங்க விரும்புவோருக்கு உதவியாக இருக்கும்.